‘அனிமாசிட்டி’: பொருள் அறிந்து, இடம் அறிந்து எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திறந்தால் அனிமாசிட்டிக்கும் பகை, ஹாஸ்டிலிட்டிக்கும் பகை, என்மிட்டிக்கும் பகை என்றே போட்டிருக்கும். மூன்றும் ஒன்றுதானே என்று, எது முதலில் வாயில் வருகிறதோ அதை எழுதிவிடுகிறார்கள். ஈரோட்டில் மனுவை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர், திருப்பூரில் பையருக்கு, அதாவது துணி வாங்கும் நிறுவனத்துக்கு, மெயில் அடிக்கும் மெர்ச்சண்டைசர், கோவையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று எல்லோரும் சறுக்கும் படி இதுதான். சொல்லை முதலில் தேடி, நிலைமையைப் பிறகு அதற்குள் திணிப்பதால் வரும் பிழை. வரிசையை மாற்றினால் பாதி வேலை முடிந்தது: முதலில் நிலைமை, அப்புறம் அளவு, அப்புறம் திசை, கடைசியில்தான் சொல்.

1. எழுத உட்காரும் முன்

மூன்று பொருள் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்று, ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் மாணவர் அகராதி. உதாரண வாக்கியங்கள் உள்ளதாகப் பாருங்கள். இருமொழி அகராதி பொருளைச் சொல்லும். ஒரு சொல் எந்தச் சொல்லோடு கூடி நடக்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. அனிமாசிட்டியில் தப்பு நடப்பதே அந்தக் கூட்டத்தில்தான்.

இரண்டு, மூலத் தமிழ் வாக்கியம், எழுத்தில். எதிரில் உட்கார்ந்தவர் சொல்லச் சொல்ல நேராக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யக் கூடாது. “அவங்களுக்கும் எங்களுக்கும் ஆகாதுங்க” என்று அவர் சொன்னதைக் காது ‘பகை’ என்று சுருக்கிக்கொள்ளும், கை அனிமாசிட்டி என்று அடித்துவிடும். ‘ஆகாது’ என்பது அவ்வளவு பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை.

மூன்று, ஒரு துண்டுக் காகிதம். அதில் யாருக்கு, யார் மேல், எப்போதிலிருந்து, எதனால் என்ற நான்குக்கும் பதில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு படியிலும் இந்தக் காகிதத்தைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

2. எழுத்தும் உச்சரிப்பும்

ஆங்கில எழுத்து ஒன்பது: ஏ, என், ஐ, எம், ஓ, எஸ், ஐ, டி, ஒய். ‘ஓ’வுக்குப் பிறகு ‘யூ’ சேர்ப்பது வழக்கமான பிழை. என்மிட்டியில் ஆறே எழுத்து: இ, என், எம், ஐ, டி, ஒய். ‘எனிமி’ என்ற சொல் மனசில் இருப்பதால் நடுவில் ஒரு ‘இ’யை நுழைத்து ‘எனிமிட்டி’ ஆக்கிவிடுவார்கள். அப்படி ஒரு சொல் இல்லை.

உச்சரிப்பில் அழுத்தம் நடுவில்: அனி-மா-சிட்டி. ‘மா’வில் குரல் ஏற வேண்டும். பிரிட்டிஷ்காரர் வாயில் அது ‘மொ’ போலக் குறுகி ஒலிக்கும், அமெரிக்கர் வாயில் ‘மா’ என்று திறக்கும். இரண்டும் சரி. ஹாஸ்டிலிட்டியில் அழுத்தம் முதலில் வரும் ‘டி’யில். ஆனால் அதன் பெயரடையான ஹாஸ்டைல் என்னும்போது முதல் அசைக்கு வந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கர் பலர் ஹாஸ்டைலை ‘ஹாஸ்டல்’ என்றே சொல்வார்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு ஹாஸ்டல் நடத்தும் திருப்பூர் கம்பெனியில், வீடியோ காலில் பையர் அந்தச் சொல்லைச் சொன்னால், எந்த ஹாஸ்டலைக் கேட்கிறார் என்று குழம்பத்தான் செய்வார்கள். பின்னால் வரும் சொல்லைக் கேட்டுத்தான் பிரித்தறிய முடியும்.

குழப்பிக்கொள்ளும் சொற்கள் இன்னும் மூன்று. அனானிமிட்டி என்றால் பெயர் தெரியாமை. யுனானிமிட்டி என்றால் ஏகமனது. ஹாஸ்பிட்டாலிட்டி என்றால் விருந்தோம்பல். கிராம சபைத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதை எழுதப் போய் அனிமாசிட்டி என்று போட்டால், தீர்மானமே சண்டையில் நிறைவேறியதாக ஆகிவிடும். யுனானிமிட்டிக்கும் அனிமாசிட்டிக்கும் வேர் ஒன்று: மனம், உள்ளம் என்று பொருள்படும் ‘அனிமஸ்’ என்ற லத்தீன் சொல். ஒரே மனம் முன்னது. கொதிக்கும் மனம் பின்னது. இதை நினைவில் வைத்தால் அடுத்த படி எளிது. அனிமலோடு முடிச்சுப் போட்டு ‘மிருகத்தனம்’ என்று பொருள் கொள்பவர்களும் உண்டு, அது தப்பு.

3. பகை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

முக்கியமான படி இதுதான். அவசரப்படாதீர்கள்.

அனிமாசிட்டி மனசுக்குள் இருப்பது. ஒருவர் மேல் இன்னொருவருக்கு உள்ள கடுமையான வெறுப்பும் கோபமும் கலந்த உணர்வு. வெளியே தெரியலாம், தெரியாமலும் போகலாம். தமிழில் வன்மம், காழ்ப்பு, கறுவு என்பவை இதற்கு நெருக்கம். “கறுவிக்கிட்டே திரியறானுங்க” என்கிறோமே, அந்த இடம்.

ஹாஸ்டிலிட்டி நடத்தையில் தெரிவது. முகத்தில், பேச்சில், செயலில். பஞ்சாயத்தில் ஒருவர் எழுந்து பேசும்போது எதிர்ப்பக்கம் கத்திக் கலைத்தால் அது ஹாஸ்டிலிட்டி. கத்தியவர்களுக்கு அவர்மேல் தனிப்பட்ட வன்மம் இருக்கிறதா இல்லையா என்பது வேறு கேள்வி. மனிதர் அல்லாதவற்றின் மேலும் இது வரும்: ஒரு திட்டத்துக்கு, யோசனைக்கு, சட்டத்துக்குக் காட்டும் கடும் எதிர்ப்பும் ஹாஸ்டிலிட்டிதான்.

என்மிட்டி இருவருக்கு நடுவே நிற்கும் நிலை. ஒருவருக்கொருவர் பகைவர் என்று ஊரறிந்த உறவு. இன்றைக்குக் கோபம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அது ஒரு நிலைமை, அவ்வளவுதான். பங்காளிப் பகை என்றால் என்மிட்டி.

ஒரு கூட்டுக் கிணற்றை வைத்துப் பார்ப்போம். தண்ணீர் எடுக்கும் முறை அண்ணன் தம்பிக்குள் தகராறாகிவிட்டது. தம்பி வெளியே எதுவும் காட்டாமல், ராத்திரியெல்லாம் நினைத்து நினைத்துப் புழுங்குகிறார். அது அனிமாசிட்டி. ஒரு நாள் அண்ணன் மோட்டார் போட வந்தபோது வழியை மறித்து நிற்கிறார். அது ஹாஸ்டிலிட்டி. பத்து வருஷம் கழிகிறது. ஒரு வீட்டுச் சீருக்கு இன்னொரு வீட்டார் வருவதில்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை, பிள்ளைகளுக்குச் சண்டைக்குக் காரணம்கூடத் தெரியாது. அது என்மிட்டி. கிணறு ஒன்று, சண்டை ஒன்று, ஆனால் சொல் மூன்று.

சோதித்துப் பார்க்க எளிய வழி: தமிழ் வாக்கியத்தில் ‘மனசுக்குள்’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் அனிமாசிட்டி பொருந்தும். ‘வெளிப்படையாக’ என்பது நின்றால் ஹாஸ்டிலிட்டி. ‘இரண்டு பேருக்கும் இடையே காலங்காலமாக’ என்பது நின்றால் என்மிட்டி. அனிமாசிட்டியும் இருவருக்கு இடையே வரும் என்பதால் மூன்றாவது சோதனையில் ‘காலங்காலமாக’ என்பதுதான் எடைக்கல்.

மூன்றுமே நிற்காத இடங்களும் உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர்ப் பங்கீட்டுக்குத் தமிழ்நாடும் கேரளமும் 1970-ல் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதைப் பற்றி இரு மாநிலங்களுக்கும் எழும் கருத்து வேறுபாடு ‘டிஸ்ப்யூட்’. அதை அனிமாசிட்டி என்று எழுதினால் பொள்ளாச்சிக்காரரும் பாலக்காட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் வெறுக்கிறார்கள் என்றாகிவிடும். நொய்யல் கரை விவசாயிகளுக்கும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கும் இருந்த மோதலும் அப்படித்தான். கழிவுநீர் பிரச்சினையில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்ன வழக்கைப் பற்றி எழுதும்போது ‘கான்ஃப்ளிக்ட்’ அல்லது ‘டிஸ்ப்யூட்’ போதும். ஒருவர் பிழைப்பு இன்னொருவர் பிழைப்பின் மேல் ஏறி நின்ற சண்டை அது. ‘நலன்களின் மோதல்’ என்பதை அப்படியே ‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ ஆக்கிவிடாதீர்கள். பதவியில் இருப்பவரின் சொந்த லாபம் அவர் கடமைக்கு இடையூறாக வருவதைக் குறிக்கும் சொல் அது. சம்பந்தமே இல்லை.

கொச்சி–பெங்களூரு எரிவாயுக் குழாய் விளைநிலத்தின் வழியே வருவதைக் கொங்குப் பகுதி விவசாயிகள் எதிர்த்தார்கள். அது ‘ஆப்போசிஷன்’. மிகக் கடுமை என்று காட்ட வேண்டுமானால் ‘ஹாஸ்டிலிட்டி டு த ப்ராஜெக்ட்’ என்று எழுதலாம். அனிமாசிட்டி வராது, குழாயின் மேல் யாருக்கும் வன்மம் இல்லை.

4. அளவைப் பாருங்கள்

அனிமாசிட்டி கனமான சொல். சின்ன மனத்தாங்கலுக்குப் போட்டால், கொசு அடிக்கக் கடப்பாரை எடுத்த கதை. லேசிலிருந்து கனத்துக்கு ஏறும் ஏணி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்.

கருத்து ஒத்துப்போகவில்லை என்றால் ‘டிஸ்அக்ரிமென்ட்’. அடிக்கடி உரசல் என்றால் ‘ஃப்ரிக்‌ஷன்’. பேச்சு குறைந்து உறவு இறுக்கமாகிவிட்டது என்றால் ‘ஸ்ட்ரெயின்டு ரிலேஷன்ஸ்’. மனத்தாங்கல், மனக்கசப்பு என்றால் ‘இல் ஃபீலிங்’. தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற ஆற்றாமை ‘ரிசென்ட்மென்ட்’. குறிப்பிட்ட ஒரு காரியத்தை மனசில் முடிந்து வைத்திருப்பது ‘க்ரட்ஜ்’. இதற்கெல்லாம் மேலேதான் அனிமாசிட்டி. அதற்கும் மேல் ஹேட்ரட். நாள்பட்டுப் புளித்துப்போன கசப்புக்கு ‘ராங்கர்’ என்ற சொல் உண்டு. அதைப் படிக்கும்போது புரிந்துகொண்டால் போதும், எழுத அவசியம் வராது.

தமிழ்ப் பேச்சு வழக்கை இந்த ஏணியில் எந்தப் படியில் வைப்பது? “ஆகாதுங்க” என்பது ‘தே டோன்ட் கெட் ஆன்’. “பேச்சு வார்த்தை இல்லீங்க” என்பதற்கு ஆங்கிலத்திலேயே நேரான வழக்கு இருக்கிறது: ‘நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ்’. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றால் ‘அப்செட்’ அல்லது ‘அஃபெண்டட்’ போதும். சம்பந்தி வீட்டார் பந்தியில் சரியாகக் கவனிக்கவில்லை என்று முகம் திருப்பியதை அனிமாசிட்டி என்று எழுதினால் வாசிப்பவர் அரிவாளைத் தேடுவார்.

பத்திரிகைத் தமிழில் வரும் ‘அரசியல் காழ்ப்புணர்ச்சி’ தனி வகை. காழ்ப்பு என்ற சொல்லைப் பார்த்து அனிமாசிட்டி என்று போகத் தோன்றும். ஆனால் அந்தத் தொடரைச் சொல்பவர், பெரும்பாலும், பதவியை வைத்துப் பழி வாங்குகிறார்கள் என்ற பொருளில்தான் சொல்கிறார். அப்போது ‘பொலிட்டிகல் வெண்டெட்டா’ சரி. வழக்கு, சோதனை, இடமாற்றம் என்று ஏதாவது நடவடிக்கை பேச்சில் இருந்தால் வெண்டெட்டா. உணர்வு மட்டும்தான் என்றால் அனிமாசிட்டி.

5. யார் மேல், எந்தப் பக்கம்

இங்கேதான் தமிழ் காலை வாரும். ‘அவர் மேல் பகை’ என்கிறோம். ‘மேல்’ உடனே ‘ஆன்’ ஆகிவிடுகிறது: ‘அனிமாசிட்டி ஆன் ஹிம்’. இது தப்பு. ‘ஓவர் ஹிம்’ என்றாலும் தப்பு.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் பகைக்கு ‘டுவர்ட்ஸ்’: ‘ஹிஸ் அனிமாசிட்டி டுவர்ட்ஸ் ஹிஸ் பிரதர்’. ‘அகெய்ன்ஸ்ட்’ போட்டாலும் ஒப்புக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் டுவர்ட்ஸ் போடுங்கள், எங்கும் பொருந்தும். இருபக்கமும் பகை என்றால் ‘பிட்வீன்’: ‘அனிமாசிட்டி பிட்வீன் த டூ ஃபேமிலீஸ்’. பல பேருக்குள் என்றால் ‘அமங்’.

டுவர்ட்ஸா பிட்வீனா என்பது இலக்கணப் பிரச்சினை மட்டுமில்லை. துண்டுக் காகிதத்தில் ‘யாருக்கு, யார் மேல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பாருங்கள். மனுதாரர், “அவருக்குத்தானுங்க எம்மேல கோபம், எனக்கு ஒண்ணும் இல்லீங்க” என்று சொல்லியிருக்க, நீங்கள் பிட்வீன் என்று போட்டால் மனுதாரரையும் பகைக்காரர் ஆக்கிவிட்டீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

எதற்காகப் பகை என்ற காரணத்தைச் சொல்லத்தான் ‘ஓவர்’ வரும்: ‘அனிமாசிட்டி பிட்வீன் தெம் ஓவர் த வெல்’. ஆளுக்கு டுவர்ட்ஸ், பொருளுக்கு ஓவர். ஹாஸ்டிலிட்டிக்கு ‘டு’, ‘டுவர்ட்ஸ்’ இரண்டும் வரும். என்மிட்டிக்கு ‘பிட்வீன்’ இயல்பு, ‘வித்’தும் வரும்.

6. வினைச்சொல்லைச் சேருங்கள்

‘பகை கொண்டான்’, ‘பகை செய்தான்’ என்பதை அப்படியே கொண்டுபோய் ‘டிட் அனிமாசிட்டி’, ‘மேட் அனிமாசிட்டி’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அனிமாசிட்டி செய்யப்படுவதில்லை. உணர்வு என்பதால், அதை ஃபீல் பண்ணுவார்கள், பேர் பண்ணுவார்கள் (அதாவது சுமப்பார்கள்), ஹார்பர் பண்ணுவார்கள். ஹார்பர் என்றால் உள்ளே இடம் கொடுத்து வைத்திருப்பது. துறைமுகத்தில் கப்பலை நிறுத்தி வைப்பது போல. மூன்றாம் ஆள் வந்து மூட்டிவிட்டால் ‘ஸ்டர் அப்’. தானாக வளர்ந்தால் ‘க்ரோ’.

‘அவர் பகையாக இருக்கிறார்’ என்பதை ‘ஹி இஸ் அனிமாசிட்டி’ என்று எழுதுவது அடுத்த பெரிய பிழை. அனிமாசிட்டி பெயர்ச்சொல். அதற்குப் புழக்கத்தில் பெயரடை கிடையாது. பெயரடை வேண்டிய இடத்தில் ஹாஸ்டைலைக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும்: ‘ஹி இஸ் ஹாஸ்டைல் டுவர்ட்ஸ் மீ’.

பொதுவாக ஒருமையில், முன்னால், ‘ஒரு’ என்று பொருள்படும் ‘அன்’ என்ற சுட்டு இல்லாமல் வரும். முன்னால் ஒட்டும் பெயரடைகள் சில உண்டு: டீப், பர்சனல், மியூச்சுவல், லாங்-ஸ்டாண்டிங். இந்த நான்கைப் பழகினால் போதும். பன்மையில் வந்தால் பல பழைய பகைகள்: ‘ஓல்டு அனிமாசிட்டீஸ்’. ஹாஸ்டிலிட்டியில் பன்மை ஆபத்து. ‘ஹாஸ்டிலிட்டீஸ்’ என்றால் போர், ஆயுதச் சண்டை. ‘செசேஷன் ஆஃப் ஹாஸ்டிலிட்டீஸ்’ என்பது நாடுகளுக்கிடையே போர் நிறுத்தம். இரண்டு தெருக்காரர்கள் சமாதானம் ஆனதற்கு அதை எழுதக் கூடாது.

இந்தச் சொல் அழகாக உட்காரும் இடம் எதிர்மறை வாக்கியம். கூட்டு வியாபாரம் பிரிகிறது, கணக்கு முடிந்துவிட்டது, கடிதம் எழுத வேண்டும் என்றால் ‘வீ பார்ட் வித்தவுட் எனி அனிமாசிட்டி’. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு ‘ஐ பேர் நோ அனிமாசிட்டி டுவர்ட்ஸ் ஹிம்’. கனமான சொல்லை மறுக்கும்போது மறுப்பும் கனமாகிறது.

7. காவல் நிலையம், நீதிமன்றக் காகிதங்கள்

இங்கே விதி வேறு. இந்தக் காகிதங்களில் பல சொற்களுக்கு நிலைத்த இணைச்சொல் இருக்கிறது. நம் இஷ்டத்துக்கு அழகுபடுத்தினால் அர்த்தமே மாறும்.

‘எதிரி’ என்றால் குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். ‘முதலாம் எதிரி’ என்பது ‘ஃபர்ஸ்ட் அக்யூஸ்டு’. அதை ‘ஃபர்ஸ்ட் எனிமி’ என்று பெயர்த்த காகிதம் சிரிப்புக்கு ஆளாகும், அல்லது திரும்பி வரும். சிவில் வழக்கில் பிரதிவாதி ‘டிஃபெண்டன்ட்’, மனுவில் எதிர்மனுதாரர் ‘ரெஸ்பாண்டன்ட்’. இவற்றில் பகை எதுவும் இல்லை.

‘முன்விரோதம்’ என்றால் ‘ப்ரீவியஸ் என்மிட்டி’. தீர்ப்புகளில் ஊறிப்போன தொடர் இது. ப்ரீவியஸ் அனிமாசிட்டி என்று மாற்றினால் பொருள் கெடாவிட்டாலும் வழக்கத்துக்குப் புறம்பாகத் தெரியும். முன்விரோதத்தைச் சேர்க்கும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள். இந்தியத் தீர்ப்புகளில், முன்பகை இருபுறமும் கூரான ஆயுதம் என்ற கருத்து திரும்பத் திரும்ப வரும். குற்றம் செய்யக் காரணமாகவும் அதைக் காட்டலாம். பொய்ப் புகார் கொடுக்கக் காரணமாகவும் காட்டலாம். அதனால் மூலத்தில் இல்லாத இடத்தில் நீங்களாக அதைச் சேர்க்காதீர்கள். இருந்தால் விடவும் வேண்டாம்.

‘பிறழ் சாட்சி’ என்பது ‘ஹாஸ்டைல் விட்னஸ்’. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது பகைச் சாட்சி, விரோத சாட்சி என்று பெயர்ப்பவர்கள் பலர். தன்னை அழைத்த தரப்புக்கு மாறாகச் சாட்சி பேசுபவர் என்றுதான் பொருள். அவருக்கு யார் மேலும் வன்மம் இருக்க வேண்டியதில்லை. பயந்திருக்கலாம், சமாதானமாகியிருக்கலாம். 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 154-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தில் 157-வது பிரிவு. தன் சாட்சியையே குறுக்குக் கேள்வி கேட்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிற பிரிவு அது. அந்தப் பிரிவின் வாசகத்தில் ஹாஸ்டைல் என்ற சொல்லே கிடையாது. நீதிமன்றப் புழக்கத்தில் வந்தது.

நில வழக்கில் ‘ஹாஸ்டைல் பொசெஷன்’ என்று வந்தால் இன்னும் கவனம். எதிரிடை அனுபவம் தொடர்பானது இது. இட்டேரியை (தோட்டங்களுக்கு இடையே போகும் வண்டிப்பாதையை) ஒட்டிய ஒரு துண்டு நிலத்தை ஒருவர் உழுது வருகிறார், உரிமையாளரின் உரிமையை ஒப்புக்கொள்ளாமல், வெளிப்படையாக, தன்னுடையது என்றே அனுபவிக்கிறார். அந்த ‘ஒப்புக்கொள்ளாமை’தான் இங்கே ஹாஸ்டைல். உரிமையாளரோடு தினமும் டீ குடிப்பவராகக்கூட இருக்கலாம். 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு, அரசு நிலத்துக்கு 30 ஆண்டு என்ற கணக்கு இந்த வகை அனுபவத்துக்குத்தான். இந்த இடத்தில் அனிமாசிட்டி என்று மாற்றினால் வாதமே போய்விடும். உரிமையாளர் அனுமதித்து, அதனால் ஓட்டுகிறார் என்றால் எத்தனை வருஷமானாலும் அது ஹாஸ்டைல் ஆகாது.

மதம், இனம், மொழி முதலியவற்றின் பெயரால் பிரிவினருக்கிடையே பகை மூட்டுவது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153ஏ. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 196. அங்கே சட்டத்தின் சொல் என்மிட்டி. அதோடு ஹேட்ரட், இல்-வில் என்று மூன்றையும் தனித்தனியாக அடுக்கியிருக்கிறது. தமிழில் பெயர்க்கும்போது பகைமை, வெறுப்பு, கெட்ட எண்ணம் என்று மூன்றாகவே நிற்க வேண்டும். ஒன்றாகச் சுருக்கக் கூடாது.

‘ஹாஸ்டைல் வொர்க் என்விரான்மென்ட்’ என்ற தொடர் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் வருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பனியன் கம்பெனிச் சுவரில் புகார்க் குழு அறிவிப்பு ஒட்டும்போது ‘பகையான சூழல்’ என்று மட்டும் போட்டால் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒன்றும் விளங்காது. நிம்மதியாக வேலை செய்ய விடாத, பயமுறுத்தும் சூழல் என்று விரித்து எழுதுங்கள்.

8. பையருக்கு எழுதும் மெயில்

ஒரே விதி: அனிமாசிட்டி இந்த மெயில்களில் வேண்டாம். சாயம் ஏற்றிய துணி தாமதமாக வந்ததால் ஷிப்மென்ட் தள்ளிப்போகிறது என்று சொல்ல வந்தவர், பட்டறையோடு ரேட் தகராறு என்பதை அனிமாசிட்டி என்று எழுதினால், சப்ளை செயினே உடைந்துவிட்டதாகப் பையர் எடுத்துக்கொள்வார். ‘டிஸ்அக்ரிமென்ட் ஓவர் ரேட்ஸ்’ போதும், அதோடு புதிய தேதி. பையர் கறாராக எழுதியிருந்தால் அவர் ஹாஸ்டைல் அல்ல, ‘ஃபர்ம்’. தொழில் செய்தியில் ‘ஹாஸ்டைல் டேக்ஓவர்’ என்று படித்தால், நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் பங்குகளை வாங்கிக் கம்பெனியைக் கைப்பற்றுவது என்று கொள்ளுங்கள்.

9. ஒரு மனுவை முழுதாகப் பெயர்த்துப் பார்ப்போம்

பழகுவதற்காக எழுதிய மாதிரி இது:

“எதிர்மனுதாரர் என் பெரியப்பா மகன். கிணற்று முறை தொடர்பாக எங்களுக்குள் 2016 முதல் மனக்கசப்பு உள்ளது. 2019 நோம்பிக்கு என்னிடம் வரி வாங்க வேண்டாம் என்று அவர் சொன்னதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. அந்த முன்விரோதத்தை மனதில் வைத்து, வண்டித்தடத்தை முள் போட்டு அடைத்துவிட்டார். எனக்கு அவர் மேல் எந்தப் பகையும் இல்லை. தடத்தைத் திறந்துவிட்டால் போதும்.”

ஒரே பத்தியில் ஐந்து இடம். முதலில் பென்சிலால் கோடிடுங்கள்: எதிர்மனுதாரர், மனக்கசப்பு, பேச்சு வார்த்தை இல்லை, முன்விரோதம், பகையும் இல்லை.

எதிர்மனுதாரர்: ரெஸ்பாண்டன்ட். யோசிக்க ஒன்றும் இல்லை. பெரியப்பா மகன் என்பதை ‘கசின்’ என்று மட்டும் போட்டுவிட்டால் பங்காளி என்பது போய்விடும்; கிணற்றில் பங்கு வந்ததே அதனால்தான். ‘சன் ஆஃப் மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்’ என்று நீட்டினாலும் பரவாயில்லை.

மனக்கசப்பு: ஏணியில் நடுப்படி. ‘இல் ஃபீலிங் பிட்வீன் அஸ் ஓவர் டர்ன்ஸ் அட் த வெல்’. இருபக்கமும் என்பதை ‘எங்களுக்குள்’ என்று அவரே சொல்லிவிட்டார், ஆகவே பிட்வீன். இங்கேயே அனிமாசிட்டி போட்டுவிட்டால் பின்னால் ஏறுவதற்குப் படி இருக்காது.

பேச்சு வார்த்தை இல்லை: ‘நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ் சின்ஸ் 2019’. நோம்பி வரியை வெறும் ‘டாக்ஸ்’ என்று எழுதாதீர்கள். அரசாங்க வரி என்று படிப்பார்கள். ‘கான்ட்ரிப்யூஷன் ஃபார் த டெம்பிள் ஃபெஸ்டிவல்’. கோயில் வரி வாங்காமல் ஒதுக்குவது ஊரில் எவ்வளவு பெரிய அவமானம் என்பது வெளியூர் அதிகாரிக்குத் தெரியாது. ஆனால் அதை விளக்கும் வாக்கியத்தைப் பெயர்ப்பவர் சேர்க்கக் கூடாது. தேவை என்று மனுதாரர் சொன்னால் தமிழிலேயே சேர்த்துவிட்டுப் பிறகு பெயர்க்க வேண்டும்.

முன்விரோதம்: ‘அவுட் ஆஃப் ப்ரீவியஸ் என்மிட்டி’. அடுத்து, தடத்தை அடைத்த செயலை ‘ஹாஸ்டிலிட்டி’ என்று சுருக்க ஆசை வரும். வேண்டாம். முள் போட்டு அடைத்தார் என்று வினைச்சொல்லாகவே எழுதுங்கள். எங்கே, எந்தத் தேதி, எத்தனை அடி என்று மனுதாரரைக் கேளுங்கள். தாசில்தார் விசாரிக்கப் போவது முள்வேலியைத்தான், மனசை அல்ல.

எந்தப் பகையும் இல்லை: இப்போதுதான் நம் சொல் வருகிறது. ‘ஐ பேர் நோ அனிமாசிட்டி டுவர்ட்ஸ் த ரெஸ்பாண்டன்ட்’. மனசுக்குள் இருப்பது, ஒரு பக்கம், எதிர்மறை. மூன்றும் பொருந்துகின்றன. முழு மனுவிலும் அனிமாசிட்டி வருவது இந்த ஓர் இடத்தில் மட்டும்.

10. கொடுப்பதற்கு முன் ஒரு பார்வை

அனிமாசிட்டி வரும் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ‘ஆன்’ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் டுவர்ட்ஸ். ‘இஸ் அனிமாசிட்டி’ இருந்தால் ஹாஸ்டைல். ஒரு பக்கத்தில் இரண்டு தடவைக்கு மேல் வந்திருந்தால் ஏணியில் கீழே இறங்க முடியுமா என்று பாருங்கள்.

பிறகு ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டு, அதை மனுதாரருக்குத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். “அய்யோ, அவ்வளவெல்லாம் இல்லீங்க” என்று அவர் சொன்னால் சொல் கனம் கூடிவிட்டது. “அப்படித்தானுங்க” என்று தலையாட்டினால் அச்செடுக்கலாம். கம்ப்யூட்டரின் எழுத்துப் பிழை திருத்தியை மட்டும் நம்பாதீர்கள்: யுனானிமிட்டியும் அனானிமிட்டியும் அதற்குச் சரியான சொற்கள்தான், சிவப்புக் கோடு போடாது.